முடிவு தெரிந்த போரை மேஜையில் மறுபடி ஆடுவது எதற்கு?

கேள்வி இது: "சின்ன பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, எப்போதோ நடந்த ஒரு போரை மறுபடி ஆடுகிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. முடிவை மாற்றலாம் என்றால் அது வரலாறு இல்லை, மாற்றக்கூடாது என்றால் அது விளையாட்டு இல்லை. அப்புறம் இதில் என்ன சுவாரஸ்யம்? ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் அந்தப் பக்கம் உட்காருகிறவர் சும்மா அடி வாங்க வேண்டியதுதானா?" போகிற போக்கில், வீட்டில் ஆரம்பிக்க என்னென்ன வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

பல கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வார்கேம், அதாவது இந்தப் பொம்மைப் போர் விளையாட்டு, ஆடுகிறவர்கள் 'சினாரியோ' என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது நாடகமா, பந்தயமா, இல்லை வேறு ஏதாவதா என்பதுதான் கேட்கிறவரின் சந்தேகம். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவனும் இல்லை. இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஊர் கிளப்பில் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சென்னைக்குத் திரும்பிய பிறகு சாப்பாட்டு மேஜையில், வீட்டில் யாரும் திட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில், தொடர்ந்து ஆடி வருகிறேன். சினாரியோக்களை நானே எழுதவும் செய்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் பதில்.

சினாரியோ என்பது அன்றைக்கு ஒரு தளபதிக்கு இருந்த தலைவலியை அப்படியே எடுத்து உங்கள் மடியில் வைப்பது. அவர் எடுத்த முடிவை நீங்களும் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் அவருக்கு இருந்த அதே நெருக்கடி உங்களுக்கும் இருக்க வேண்டும். அதற்கு நான்கு விஷயம் சரியாக அமைய வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், ஆட்டம் எப்போது முடிகிறது, யாருக்கு எது தெரியும். பொம்மை, பெயின்ட், மரம், வீடு எல்லாம் இதற்கு அப்புறம்தான். அதே இரண்டு படை, அதே மேஜை, 'எதிரியை அழி' என்பதை 'இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டு' என்று மாற்றிப் பாருங்கள். முன்னால் பாய்ந்துகொண்டிருந்தவர் திடீரென்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. எச். ஜி. வெல்ஸ், ஆமாம், அறிவியல் புனைகதை எழுதினாரே அவரேதான், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கான விதிகளைப் புத்தகமாகப் போட்டார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு, நிஜமாகவே பொம்மைகளை விழவைக்கிற விளையாட்டு அது. பகடை கிடையாது, குறி பார்க்கிற திறமைதான். அதிலேயே மூன்று வகை ஆட்டம் சொல்கிறார்: ஒருவர் ஒழியும்வரை அடித்துக்கொள்வது ஒன்று, எதிராளியின் பின்கோட்டை ஒரு சில ஆட்களாவது எட்டிவிட்டால் வெற்றி என்பது இன்னொன்று, குறைந்த படையோடு தாக்குப்பிடித்து நிற்பதே வெற்றி என்பது மூன்றாவது. தரையில் மண்டியிட்டுக் குச்சி சுட்டுக்கொண்டிருந்த மனிதருக்கே, 'எதற்காகச் சண்டை' என்பதை மாற்றினால்தான் ஆட்டம் மாறும் என்று பிடிபட்டிருக்கிறது.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசில் இதைப் பெரியவர்கள் தீவிரமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ரைஸ்விட்ஸ் என்ற அரசு அதிகாரி 1812-ல் அரசருக்கு ஒரு போர் விளையாட்டை மேஜையாகவே செய்து காட்டினார். அவர் மகன், ராணுவ அதிகாரி, 1824-ல் அதைச் செப்பனிட்டு விதிப்புத்தகமாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைபடம், அதன்மேல் படைகளைக் காட்டும் சின்னக் கட்டைகள், இரண்டு நிமிடப் போருக்கு ஒரு 'முறை', அதாவது ஒரு சுற்று ஆட்டம், சேதத்துக்குப் பகடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நடுவர். படைத் தலைமையகத்தின் தலைவர் மியூஃப்லிங் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்து, கடைசியில் இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று சொல்லி ராணுவம் முழுவதும் பரப்பச் சிபாரிசு செய்ததாகச் சொல்வார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவர். ஆடுகிற இரண்டு பேரும் எதிரியை நேராகப் பார்க்க மாட்டார்கள், நடுவர் 'உன் கண்ணுக்கு இது தெரிகிறது' என்று காட்டுவதைத்தான் பார்ப்பார்கள். தெரியாமை என்பதை விதிக்குள்ளேயே கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி அது என்று தாராளமாகச் சொல்லலாம்.

முடிவு தெரிந்திருக்கிறதே என்ற சிக்கலுக்கு இங்கேதான் வழி இருக்கிறது. நெப்போலியன் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனோடு மோதிக் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1815 ஜூன் 18. நண்பகல் நெருங்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது, ராத்திரி பெய்த மழையில் தரை சகதி. மதியம் ஒரு மணி வாக்கில் நெப்போலியனின் வலதுபக்கம் தூரத்தில் ஏதோ படை தெரிகிறது. வருவது வெலிங்டனின் கூட்டாளிகளான பிரஷ்யர்கள், சாயங்காலம் நாலரைக்கு மேல் அவர்கள் காட்டிலிருந்து வெளிப்பட்டு பிளான்ஸ்நுவா கிராமத்தை நோக்கி இறங்குகிறார்கள். இதை மேஜையில் வைத்தால் என்ன ஆகும்? பிரெஞ்சுப் பக்கம் உட்காருகிறவர் பள்ளிக்கூடத்திலேயே இதைப் படித்தவர். முதல் முறையிலேயே பாதிப் படையை வலதுபக்கம் திருப்பி நிறுத்துவார், இல்லையென்றால் பிரஷ்யர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுபோய் மோதுவார். இரண்டுமே நெப்போலியனின் பிரச்சினை இல்லை. அவருக்கு வந்த பிரச்சினை, வருகிறது யார், எப்போது, எத்தனை பேர் என்பது தெரியாமலே இடதுபக்கம் உகுமோன் பண்ணைவீட்டில் எவ்வளவு ஆளைச் செலவழிப்பது என்பது.

சினாரியோ எழுதுகிறவர்களுக்கு இதற்குச் சில தந்திரங்கள் உண்டு. பிரஷ்யர் வரும் நேரத்தைச் சீட்டுக்கட்டில் ஒளித்துவைப்பது ஒன்று. வருவது பிரஷ்யரா, நெப்போலியனின் சொந்தத் தளபதி குரூஷியா என்பதையே சீட்டு முடிவு செய்யட்டும் என்று விடுவது இன்னொன்று. வரலாற்றில் குரூஷி வரவில்லை, ஆனால் வரலாம் என்ற நம்பிக்கை நெப்போலியனுக்கு இருந்தது, அந்த நம்பிக்கையைத்தான் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது வேஷம் போட்ட சினாரியோ. வரைபடத்தை இடவலமாகத் திருப்பி, பெயரையெல்லாம் மாற்றி, நெப்போலியன் காலத்துச் சண்டையை ரோமானியர் காலத்துக்கோ ஏதோ கற்பனை நாட்டுக்கோ கொண்டுபோய் வைப்பது. ஆட்டம் முடிந்த பிறகுதான் 'அட, இது அந்தச் சண்டை ஆச்சே' என்று எதிராளிக்கு உறைக்கும். இங்கிலாந்தில் சார்லஸ் எஸ். கிராண்ட் பத்திரிகைகளில் எழுதிய சினாரியோக்களில் இப்படிப்பட்டவையும் உண்டு, அந்தத் தலைமுறையினர் அவற்றில்தான் ஊறி வளர்ந்தார்கள்.

எதிரியைப் பார்க்கவிடாமல் ஆடவைப்பது எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு இரண்டாம் உலகப் போரில் நல்ல சான்று இருக்கிறது. 1942-ல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு சிறு பிரிவு. அதில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கடற்படையின் இளம் பெண்கள். பெரிய கூடத்துத் தரையையே கடலாக்கி, சின்னக் கப்பல்களைச் சாக்பீஸ் கோட்டில் நகர்த்தி, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல் கூட்டத்துக்குள் எப்படி நுழைகின்றன என்று ஆடிப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் கித்தான் துணித் திரைக்குப் பின்னால் நின்று, அதில் விட்டிருந்த சின்னச் சந்து வழியாகத்தான் தரையைப் பார்க்க வேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து தெரியும் அளவு மட்டுமே தெரியும். அங்கே உருவான தாக்குதல் முறைகள் நிஜக் கடலில் பயன்படுத்தப்பட்டன.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ களத்தின் மாடல். 1838-ல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது, சுமார் 75,000 தகரப் பொம்மைகள், மாலை ஏழு மணி வாக்கில் களம் எப்படி இருந்தது என்பதை அசையாமல் நிறுத்திக் காட்டுவது. பிரஷ்யர்களின் பங்கை அவர் பெரிதாகக் காட்டியது வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை, அது தனி வம்பு. இன்றைக்கும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போனால் பாருங்கள். ஆனால் அது கொலு. பார்ப்பதற்கு வைத்தது. கேள்வி கேட்டவர் மனதில் இருப்பது இந்தக் கொலுதான் என்று தோன்றுகிறது. நாங்கள் ஆடுவதில் பொம்மைக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருக்கும், சைபோர்னின் பொம்மைகளுக்கு அது கிடையாது.

சரி, பொதுவாகப் பேசியது போதும், ஒரு சண்டையை எடுத்து எப்படிச் சினாரியோ ஆக்குவது என்று காட்டுகிறேன். நமக்குப் பக்கத்திலேயே இருப்பது வந்தவாசி. கோரைப்பாய்க்குப் பெயர் போன அதே ஊர்தான், 1760 ஜனவரி 22 அன்று ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலேயர்களும் லாலி தலைமையிலான பிரெஞ்சுக்காரர்களும் அங்கே மோதினார்கள். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கதை அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. ஒரு வருடம் கழித்து புதுச்சேரியும் விழுந்தது, லாலி 1766-ல் பாரிஸில் தலையை இழந்தார். வந்தவாசிக் கோட்டை ஆங்கிலேயர் கையில். லாலி அதை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கிறார். கூட் வந்து கோட்டையை மீட்க வேண்டும். ஆள் எண்ணிக்கை நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், சுமாராகச் சொன்னால் கூட்டிடம் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஐரோப்பியர், 2,100 இந்தியச் சிப்பாய்கள், கொஞ்சம் குதிரைப்படை. லாலியிடம் 2,250 ஐரோப்பியர், அதில் 300 பேர் குதிரையில், அதோடு 1,300 சிப்பாய்கள். கூடவே மூவாயிரம் மராத்தியக் குதிரைவீரர்கள், அவர்கள் சண்டையில் இறங்கவே இல்லை.

முதலில் அளவு. நான் போட்டது ஒரு பொம்மைக்கு 25 ஆள், ஒரு அங்குலத்துக்கு 20 கஜம். ஆறடிக்கு நாலடி மேஜை என்றால் நீளவாக்கில் 1,440 கஜம் கிடைக்கும், அந்தக் காலத்துச் சண்டைக்கு அது போதும். துப்பாக்கி உருப்படியாகச் சுடுவது நூறு கஜம், அதாவது ஐந்து அங்குலம். பிரெஞ்சு வலதுபக்கம் லொரேன் படைப்பிரிவு, சுமார் 400 பேர், அப்படியென்றால் 16 பொம்மை. இவர்கள் அன்றைக்கு நீளமான வரிசையாக வராமல் குறுகலான நெடும்பத்தியாகத் திரண்டு கூட்டின் சொந்தப் படைப்பிரிவை நோக்கி ஓடிவந்தார்கள். ஆங்கிலேயர்கள் சுடாமல் பொறுத்திருந்து ஐம்பது கஜத்தில் மொத்தமாகச் சுட்டார்கள். மேஜையில் அது இரண்டரை அங்குலம். பத்தி ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகரும் என்று வைத்தால், துப்பாக்கி எல்லைக்குள் நுழைந்து மேலே வந்து விழுவதற்குள் உங்களுக்குச் சுடக் கிடைப்பது ஒரே ஒரு தடவை. முதல் சரமாரிக்கு இரட்டைப் பகடை, அதுவும் ஆட்டம் முழுவதற்கும் ஒரே முறைதான் என்று விதி வைத்தேன். ஆனால் மூன்று அங்குலத்துக்குள் பொறுத்திருந்து சுடுவதற்கு முன்னால் மனஉறுதிப் பகடை போட வேண்டும், தோற்றால் வீரர்கள் பதறிப்போய்த் தூரத்திலேயே சுட்டுவிடுவார்கள். இந்தச் சின்ன விதிக்கு எதிரே நண்பர் ஒருவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கூட்டுக்கு அன்றைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேள்வி அதேதான்.

இரண்டாவது, வெடித்த வண்டி. பிரெஞ்சு இடதுபக்கம் ஒரு குளத்தின் கரையை ஒட்டி அரண் அமைத்து, அதில் பீரங்கிகளும் கடற்படை ஆட்களும் இருந்தார்கள். ஆங்கிலப் பீரங்கிக் குண்டு ஒன்று அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்து வெடித்து, பலர் செத்து, மற்றவர்கள் ஓட, மேஜர் பிரெரட்டன் ஆட்களோடு பாய்ந்து அந்த அரணைப் பிடித்தார், அந்தப் பாய்ச்சலிலேயே அவர் விழுந்தார். பிரெஞ்சு இடதுபக்கம் அத்தோடு உடைந்தது. இதை எப்படி விதியாக்குவது? 'நான்காவது முறையில் வண்டி வெடிக்கும்' என்று எழுதினால் ஆங்கிலேயர் பக்கம் இருப்பவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நான்காவது முறைக்காகக் காத்திருப்பார், பிரெஞ்சுக்காரர் மூன்றாவதிலேயே காலி செய்துவிடுவார். எழுதாமலே விட்டால் களத்தின் மிக முக்கியமான விபத்து காணாமல் போகும். ஒரு பகடையில் ஆறு விழுந்தால் வெடிக்கும் என்றால், பத்து முறை சுட்டால் வெடிப்பதற்கு நூற்றுக்கு 84 வாய்ப்பு, கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டு பகடையிலும் ஆறு விழ வேண்டும் என்றால் பத்துச் சுடுதலில் ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. இதைத்தான் நான் வைத்துக்கொண்டேன். அதோடு, பீரங்கிகளை அரணுக்கு வெளியே இழுத்து வைத்தால் ஆபத்து போய்விடும், ஆனால் அரணின் பாதுகாப்பும் போய்விடும் என்று பிரெஞ்சு ஆட்டக்காரருக்கு ஒரு தேர்வும் கொடுத்தேன். நடந்த விபத்து நடக்கலாம், நடக்காமலும் போகலாம், ஆனால் அந்தப் பயம் ஆட்டம் முழுக்க இருக்கும்.

மூன்றாவது, நகராத குதிரைகள். மராத்தியர் 3,000 பேருக்கு என் கணக்குப்படி 120 குதிரைப் பொம்மை வேண்டும், அவ்வளவு பெயின்ட் அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது. பன்னிரண்டு வைத்தேன், மேஜையின் ஒரு ஓரத்தில், பிரெஞ்சுக்குப் பின்னால். ஒவ்வொரு முறையும் பிரெஞ்சு ஆட்டக்காரர் பகடை போடுவார். ஆங்கில வரிசை எங்கேயாவது உடைந்தால் மட்டுமே அவர்கள் இறங்குவதற்கு நியாயமான வாய்ப்பு, மற்றபடி அனேகமாக வேடிக்கைதான். சண்டை முழுவதும் அவர்கள் நின்ற இடத்தைவிட்டு அசையாத ஆட்டங்களே அதிகம். ஆனால் ஆங்கிலேயர் பக்கம் இருந்த நண்பர் இரண்டு படைப்பிரிவை அந்தப் பக்கமே நிறுத்திவைத்துவிட்டு, 'இவனுங்க வருவானுங்களா மாட்டானுங்களா, சொல்லித் தொலையேன்யா' என்று கத்தினார். எனக்கும் தெரியாது என்றேன். கூட்டுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சண்டையில் கலந்துகொள்ளாத படை சண்டையை எப்படி மாற்றும் என்பது புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும், மேஜையில் அது இரண்டு மணி நேரம் உறுத்திக்கொண்டே இருக்கும்.

லாலியின் விஷயமும் இப்படித்தான். அவர் தன் ஐரோப்பியக் குதிரைப்படையைத் தாக்கச் சொல்ல, தயங்கினார்கள். கடைசியில் தானே முன்னால் போய்ப் பாய்ந்தார், ஆங்கிலப் பீரங்கி அவர்களைத் திருப்பியனுப்பியது. ஆகவே என் விதியில் குதிரைப்படைக்குத் தாக்க உத்தரவிட்டால் பகடை, லாலி பொம்மையைக் கொண்டுபோய் அவர்களோடு சேர்த்தால் பகடைக்கு ஒன்று கூடும், ஆனால் அந்த முறையில் மற்ற படைகளுக்கு அவரால் உத்தரவு கொடுக்க முடியாது. தளபதி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அது விதியாக எழுதிவைக்கப்படாத ஆட்டங்களில் எல்லோரும் கடவுள் மாதிரி மேலிருந்து பார்த்து எல்லாப் பொம்மையையும் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட விதிப்புத்தகங்கள் எனக்கு அலுத்துவிட்டன. உத்தரவுக்குப் பகடை அல்லது சீட்டு வைக்கிற விதிகளும் இன்றைக்குப் பரவலாக ஆடப்படுகின்றன. 1990-ல் வந்த 'டிபிஏ' என்ற பழங்காலப் போர்களுக்கான விதிப்புத்தகத்தில் முறைக்கு ஒரு பகடை, விழுந்த எண்ணுக்குத் தக்கபடிதான் படையை நகர்த்தலாம். அவ்வளவு எளிமையான விதிதான், ஆனால் ஆட்டத்தையே புரட்டிப்போடும்.

இப்போது நியாயம் பற்றி. பலவீனமான பக்கம் அடி வாங்கத்தானா? மோசமாக எழுதிய சினாரியோவில், ஆமாம். நல்லதில் இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே பந்தயத்தில் ஓடுவதில்லை. லாலிக்கு நான் வைத்த வெற்றி, பத்து முறை முடியும்போது முற்றுகைப் பீரங்கிமேடைகள் இன்னும் தன் கையில் இருக்க வேண்டும். கூட்டுக்கு, அந்தப் பீரங்கிமேடைகளில் ஒன்றையாவது பிடிக்க வேண்டும், அல்லது கோட்டை வாசல்வரை வழி திறக்க வேண்டும். உண்மையில் லாலி கொஞ்சம் ஆட்களைக் கோட்டைக்கு எதிரே விட்டுவிட்டுத்தான் களத்துக்கு வந்தார். எத்தனை பேரை விடுவது என்பதை ஆட்டத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர் ரகசியமாக எழுதி மடித்துவைக்க வேண்டும். குறைவாக விட்டால் கோட்டைக்குள்ளிருப்பவர்கள் வெளியே வரலாம், அதிகமாக விட்டால் களத்தில் ஆள் போதாது. எல்லாவற்றுக்கும் மேலே, நேரமிருந்தால் பக்கம் மாற்றி இரண்டு தடவை ஆடுங்கள். லாலியாக நான் எவ்வளவு தாக்குப்பிடித்தேன், நீங்கள் எவ்வளவு என்று ஒப்பிட்டுவிட்டால் நியாயம் பற்றிய சண்டையே எழாது. மோசமான கையை வைத்துக்கொண்டு யார் நன்றாக ஆடினார்கள் என்பதில் வருகிற திருப்தி, சமபல ஆட்டத்தில் ஜெயிப்பதில் எனக்கு வருவதில்லை.

இதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூரமும் நேரமும் சம்பந்தப்பட்டவற்றை மேஜை நன்றாகவே சொல்லிக்கொடுக்கும். ஒரு படை இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம், அந்தக் குளக்கரைக்குப் பின்னால் இருப்பது இங்கிருந்து தெரியுமா, இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியுமா, இதெல்லாம் எண்ணும் அளவுமாக இருப்பதால் தைரியமாக நம்பலாம். ஆனால் 'வண்டி வெடிக்காமல் இருந்திருந்தால் பிரெஞ்சுக்காரர் ஜெயித்திருப்பார்கள்' என்று மேஜையைக் காட்டி யாராவது நிரூபிக்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் இரட்டை ஆறு வைத்தேன், இன்னொருவர் ஒற்றை ஆறு வைப்பார். அந்தப் பகடை எண்கள் எழுதியவரின் அபிப்பிராயம், வரலாறு இல்லை. அதே சினாரியோவை வேறு விதிப்புத்தகத்தில் போட்டால் வேறு மாதிரி முடியும்.

அதிலும் மனஉறுதி எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். பழைய ஆங்கில விதிப்புத்தகங்கள் பலவற்றில் ஐரோப்பியச் சிப்பாய்க்கு உயர்ந்த எண், இந்தியச் சிப்பாய்க்குத் தாழ்ந்த எண் என்று அச்சடித்தே வந்துவிடும். வந்தவாசியில் சண்டையின் பாரம் இரண்டு பக்கத்து ஐரோப்பியப் படைகள்மேல்தான் பெரும்பாலும் விழுந்தது, இந்தியச் சிப்பாய்கள் ஓரங்களில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்த நாளை வைத்து அவர்களுக்கு நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ கொடுக்க ஆதாரம் போதாது. பிரெஞ்சுப் பக்கத்துச் சிப்பாய்கள் முன்னேற மறுத்ததாகப் படிக்கிறோம், ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு தளபதிக்காக, வேறு யாரோ இருவரின் சண்டையில், குண்டுக்கு நேரே போக மறுத்ததைக் கோழைத்தனம் என்று எண்ணாக மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் வைத்து, யார் யாரை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைச் சினாரியோவே கட்டுப்படுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசியாக, ஆரம்பிக்க என்ன வேண்டும். நிறையப் பேர் முதலில் பொம்மை வாங்குகிறார்கள், ஆறு மாதம் பெயின்ட் அடிக்கிறார்கள், பாதிப் படையோடு அலுத்துப்போய்ப் பரண்மேல் போடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் 'லொரேன்', 'கூட்', 'பீரங்கி' என்று எழுதி, வெறும் மேஜையில் ஆடிப் பாருங்கள். விதிக்கு, நீல் தாமஸ் 2014-ல் போட்ட 'ஒன் அவர் வார்கேம்ஸ்' நல்ல தொடக்கம். மூன்றடிக்கு மூன்றடி இடம், பக்கத்துக்கு ஆறு படைப்பிரிவு, பதினைந்து முறை, முப்பது சினாரியோ. விதிகள் ரொம்ப எளிமை, சிலருக்கு எளிமை அதிகம் என்றுகூடத் தோன்றும், ஆனால் அந்த முப்பது சினாரியோக்களை எந்த விதியோடும் ஆடலாம், எனக்கு அதுதான் அந்தப் புத்தகத்தின் மதிப்பு. ஆட்டம் பிடித்துவிட்டால் 1/72 அளவு பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் போங்கள், காலாள் பெட்டி ஒன்றில் பொதுவாக நாற்பது பொம்மைக்கு மேல் இருக்கும், 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மையைவிட ரொம்ப மலிவு. அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரியும், ஆகவே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு கொடுத்துவிட்டு அடியுங்கள். சென்னை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும், மதியம் உட்காராதீர்கள். பொம்மையின் பீடத்துக்கு அதே ஃபெவிகாலும் சலித்த மணலும். மலைக்குப் பச்சைப் போர்வைக்குக் கீழே இரண்டு தடித்த புத்தகம். ஓலைக் கூரைக்குத் தேங்காய் நார்.

தனியாக ஆட முடியுமா என்றால் தாராளமாக முடியும், நான் ஆடுவதில் பாதி அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு இந்த முறை செய்யத்தக்க மூன்று காரியங்களை எழுதுங்கள், எது புத்திசாலித்தனமோ அதற்குப் பகடையில் ஒன்று முதல் மூன்றுவரை, அடுத்ததற்கு நான்கும் ஐந்தும், முட்டாள்தனமானதற்கு ஆறு. போட்டு, விழுந்ததைச் செய்யுங்கள். வந்தவாசியை அப்படி ஆடும்போது லாலியை மட்டும் பகடைக்கு விட்டுவிட்டு, கூட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.